பெயர் சொல்லாத மந்திரி

செய்திக்கும் நாடகத்துக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்று வீட்டில் எனக்குப் பெயர். தெரியவில்லைதான். ஆனால் தப்பு என்னுடையது என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அறுபதுகளின் தொடக்கம். மட்டாஞ்சேரி முனிசிபாலிட்டி பூங்காவில் ரேடியோ போடுவது என் வேலை. சாயங்காலம் பெட்டியைத் திறந்து திருக வேண்டும். எட்டு மணிக்குப் பூட்ட வேண்டும். (மூன்றாம் வகுப்பு வரை படித்தவனுக்கு அதுவே பெரிய உத்தியோகம்.) தற்காலிக வேலை. நிரந்தரமாக்கும்படி திங்கட்கிழமை எழுதிக் கொடுப்பதாக ஓவர்சியர் சொல்லியிருந்தார். இது நடந்தது ஞாயிற்றுக்கிழமை.

செய்தியைப் போட்டுவிட்டு எதிர்க்கடைக்குச் சாயா குடிக்கப் போனேன். சாயா சூடு. மெதுவாகக் குடித்தேன். அதற்குள் செய்தி முடிந்து நாடகம் தொடங்கியது எனக்குத் தெரியாது. செய்தி வாசித்தவரின் அதே குரல், அதே துக்கம்: "மந்திரி சற்று முன் கொல்லப்பட்டார்."

கிளாஸை வைத்துவிட்டு ஓடினேன். பெரிய ஆள் இறந்தால் ரேடியோவை நிறுத்த வேண்டும் என்று உத்தரவு. நிறுத்தினேன். பெட்டியைப் பூட்டிச் சாவியை மடியில் செருகினேன்.

பூங்காவில் முந்நூறு பேர். (இருநூறாகவும் இருக்கலாம். கத்தியது முந்நூறு.)

"எடோ, ரேடியோ வைக்கெடோ!" என்று மூட்டை தூக்கும் மம்மது எழுந்தான்.

"மந்திரி செத்துக் கிடக்காரு. உனக்கு ரேடியோ கேக்குதோ?"

"அது நாடகமாணு!"

"சாவைப் போய் நாடகம்னு சொல்றியே, வெக்கமில்ல? எல்லாரும் எழுந்திரிச்சு நில்லுங்க. ரெண்டு நிமிசம்."

நான் மட்டும் நின்றேன். தலையில் கடலைப் பொட்டலம் ஒன்று வந்து விழுந்தது. அசையவில்லை.

முன்வரிசையில் ஓவர்சியர், மனைவியோடு. எழுந்து வந்தார்.

"ஆருடா மரிச்சது?"

"மந்திரி, சாரே."

"ஏது மந்திரி?"

"பேரு சொல்லல சாரே."

"பேரில்லாத்த மந்திரியா?"

"பெரிய ஆளுதான். சம்சாரம் அழுததுகூடக் கேட்டுச்சு."

முதலில் சிரித்தது ஓவர்சியரின் மனைவி. பிறகு பூங்கா முழுக்க. ஓவர்சியர் சிரிக்கவில்லை. கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன்.

சிரிப்பெல்லாம் ஓய்ந்து பெட்டியைத் திறந்தபோது நாடகம் முடிந்து, தென்னைக்கு உரம் வைப்பது எப்படி என்று யாரோ பேசிக்கொண்டிருந்தார். மந்திரியைக் கொன்றது யார் என்று மட்டாஞ்சேரிக்கு இன்றுவரை தெரியாது.

திங்கட்கிழமை ஓவர்சியர் எழுதினார், என்னைச் சாக்கடைப் பிரிவுக்கு மாற்றும்படி. நிரந்தரமாக இன்னும் நாலு வருஷம் ஆனது.

நான் கேட்கிறேன். ஒரே ஆள், ஒரே குரல். முதலில் நிஜம் சொன்னார், பிறகு பொய் சொன்னார். ஏமாந்தவனுக்குத் தண்டனை, ஏமாற்றியவருக்குச் சம்பளமா?

அதற்குப் பிறகு ஆளின் பெயரும் ஊரும் கேட்காமல் எந்தச் செய்தியையும் நான் நம்பியதில்லை. சிரித்தவர்கள் அப்படியா? இப்போது டி.வி. செய்தியில் மேளம் அடிக்கிறார்கள். வாசிக்கிறவர் கத்துகிறார். என் மகன் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறான். நாடகமா என்று கேட்டால் கோபம் வருகிறது அவனுக்கு.

யாராவது செத்ததாக வந்தால் மகள் கேட்பாள்: "அப்பா, எழுந்து நிக்கணுமா?"

வீடே சிரிக்கும். சிரிக்கட்டும். பெயரைச் சொல்கிறார்களா என்று பார்ப்பேன். சொன்னால் நிற்பேன்.