முன்வாசல் வழியாகப் போன ஆறு

கோணலைக் கண்டால் எனக்கு ஆகாது. சுவரில் படம் சாய்ந்திருந்தால், துக்க வீடாக இருந்தாலும், எழுந்து போய் நேராக்கிவிட்டுத்தான் உட்காருவேன். இந்த வியாதியைத் திறமை என்று நினைத்து ஊரார் எனக்கு வேலையும் கொடுத்தார்கள். காரைக்குடி, நேமத்தான்பட்டிப் பக்கம் பழைய வீடுகளைப் புதுப்பித்துக் கொடுப்பது என் தொழில். செட்டிநாட்டு வீட்டுக்கு இலக்கணம் ஒன்றுதான்: முன்வாசலில் நின்றால் பின்வாசல் தெரிய வேண்டும். அந்த இலக்கணத்தை ஆற்றுக்கும் பொருத்திப் பார்த்தவள், எனக்குத் தெரிந்து, நான் ஒருத்திதான்.

சில வருடங்களுக்கு முன், திருப்பத்தூர் தாண்டி ஒரு சிற்றாற்றின் பக்கத்தில் விருந்தினர் தங்குவதற்கு வீடு கட்டினேன். (முன்னோர் ஆளுயரத்துக்கு மேடை போட்டுக் கட்டினார்கள். நான் படியேறினால் முட்டி வலிக்கும் என்று தரையோடு கட்டினேன்.) மலையிலிருந்து இறங்கும் அந்த ஆறு சீமைக்கருவேலம் மண்டி, மணல் அள்ளிய குழிகளோடு பாவமாகக் கிடந்தது. மழைக்கு மழை வழி தெரியாமல் வயலுக்குள் ஏறும். அதைச் சீரமைக்க ஊர்க் கமிட்டி கூடியபோது முதல் ஆளாக எழுந்து, பொறுப்பை நானே வாங்கிக்கொண்டேன். நூறு வருட வீட்டையே நிமிர்த்துகிறவளுக்கு ஆறு எம்மாத்திரம்?

கருவேலத்தை வேரோடு எடுத்தது நல்ல காரியம். அதோடு நிறுத்தியிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது. என் வீட்டுக்குப் பின்னால் ஆறு வளைந்து, ஒரு மடுவில் தங்கி, நாணலுக்குள் புகுந்து விலகிப் போனது. எனக்குக் கை பரபரத்தது. வளைவை மூடி, மடுவைத் தூர்த்து, நாணலை வழித்து, என் பின்வாசலை நோக்கி ஒரே கோடாக வெட்டச் சொன்னேன். வேலி அருகே வந்ததும் ஆறு இடதுபக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும். முன்வாசலில் நிற்கும் விருந்தாளிக்கு இரண்டு கதவுகளுக்கும் நடுவே ஆறு தெரியும்!

எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம் வயல் வைத்திருக்கும் பெரியகருப்பன் அண்ணன் வந்து பார்த்தார்.

"ஆச்சி, அந்த வளைவுலதான் தண்ணிக்குக் கோவம் ஆறும். மடுவையும் நாணலையும் விட்டுருங்க. அங்குட்டுத்தான் மீனு குஞ்சு பொரிக்கும்."

"அண்ணே, தண்ணி சீக்கிரம் போனாத்தானே வெள்ளம் வராது?"

"சீக்கிரம் போகும் ஆச்சி. எங்குட்டுப் போகும்னு யோசிச்சீகளா?"

யோசிக்கவில்லை. என் வீட்டுக்காரர் வரைபடத்தைப் பார்த்து, "ஆத்தைப் பின்கட்டு வரைக்கும் கூப்பிட்டிருக்க. சாப்பாடு போடுவியா?" என்றார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசியில் முதல் விருந்தினர்களாகச் சென்னையிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். காலையில் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் பரிமாறிக்கொண்டிருந்தேன். மலையில் பேய்மழை. வேலியருகே திரும்ப வேண்டிய ஆறு திரும்பவில்லை. வேலியைத் தள்ளிக்கொண்டு பின்வாசலில் நுழைந்து, கூடத்தைக் கடந்து, முன்வாசல் வழியாகப் போனது. நான் போட்ட கோட்டிலிருந்து ஒரு நூல் விலகவில்லை. பணியாரத் தட்டு மிதந்து வாசற்படி தாண்டியது. அந்த அம்மாள் கால்களை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு, "இதுவும் பேக்கேஜ்ல உண்டா?" என்று கேட்டார்.

இதுவரைக்கும் சிரிக்கலாம். வெளியே ஓடிப் பார்த்தேன். தண்ணீர் சாலையைத் தாண்டி, நேராகப் பெரியகருப்பன் அண்ணனின் நாற்றங்காலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் போக நெல்லுக்கு அவர் விட்டிருந்த நாற்று முழுவதும் அங்கேதான் இருந்தது. திட்டியிருந்தால் தேவலை. "நாத்து போச்சு ஆச்சி" என்றார், அவ்வளவுதான். எனக்கு வெட்கத்தில் அழுகை வந்துவிட்டது.

ஒக்கூர் வரை போய் நாற்றுத் தேடிக் கொண்டுவந்தேன். நானும் சேற்றில் இறங்கி நட்டேன். என் வரிசையைப் பார்த்துவிட்டு, "இங்குட்டும் நூலு புடிச்சிட்டீகளா?" என்றார். அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு வந்தது.

கோடையில் ஆற்றை மறுபடி வெட்டினோம். இந்த முறை வரைபடம் கிடையாது. பெரியகருப்பன் அண்ணன் பழைய தடத்தை நினைவிலிருந்து நடந்து காட்டினார். அவர் கால் போன போக்கில் நான் சுண்ணாம்புத் தூள் தூவிக்கொண்டு பின்னால் போனேன். (பார்க்கச் சகிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு தூவிய இடங்களும் உண்டு.) வளைவைத் திறந்து, மடுவை ஆழமாக்கி, கரையில் நாணலும் வெட்டிவேரும் வைத்தோம். போன ஐப்பசி மழைக்கு ஆறு மடுவில் தங்கி, நாணலுக்குள் படர்ந்து, ஆற அமரப் போனது. வயலும் தப்பியது, என் கூடமும் தப்பியது. இப்போது மீன்கொத்தி வருகிறது. மடுவில் கெளுத்தி இருக்கிறது.

என் பெயர்தான் தப்பவில்லை. வீட்டில் யாராவது செருப்பை வரிசையாக விட்டால்கூட, "ஆறு வந்துரும்" என்கிறார்கள். மலையில் மேகம் கட்டினால் பெரியகருப்பன் அண்ணன் வாசலில் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை ஊன்றிக்கொண்டு, "ஆச்சி, மலையில கறுத்திருக்கு. ரெண்டு வாசலையும் தொறந்து வச்சிருங்க, விருந்தாளி முட்டிக்கப் போறாரு" என்பார்.

நானும் சிரித்து வைப்பேன். அவர் தலை மறைந்ததும், எழுந்து போய் இரண்டு கதவுகளையும் திறந்து வைப்பேன்.