நீலக் காண்டாமிருகத்துக்கு மடி வீக்கம்

உலகத்தில் பேர் பெற்ற நகரங்களில் எல்லாம் மூலைக்கு மூலை வர்ணம் பூசிய மிருகச் சிலைகள் நிற்கின்றன என்றும், நம் நகரத்தில் மட்டும் வர்ணம் பூசாத மிருகங்களே திரிகின்றன என்றும், இது நமது வளர்ச்சிக்குப் பெருத்த இழுக்கு என்றும் மாநகராட்சி ஆணையர் ஒரு வெளிநாட்டுப் பயணத்தின்போது கண்டுபிடித்தார். ஊர் திரும்பிய கையோடு சிலைகளுக்கு உத்தரவும் போட்டுவிட்டார். புள்ளி வைத்த யானை, கட்டம் போட்ட சிறுத்தை, கோடு கோடாக ஒரு நெருப்புக்கோழி, உடம்பெல்லாம் நீலமாக ஒரு காண்டாமிருகம் என்று லாரி லாரியாக வந்து இறங்கின. காண்டாமிருகத்தை நிறுத்துவதற்காகப் பேருந்து நிறுத்தத்தின் நிழற்குடையைப் பிடுங்கினார்கள். அன்றிலிருந்து பயணிகள் மழைக்கு அதன் வயிற்றுக்குக் கீழே ஒதுங்கினார்கள்.

ஊருக்கெல்லாம் கொண்டாட்டம், கால்நடை மருத்துவமனை டாக்டரம்மாவுக்கு மட்டும் திண்டாட்டம். வழக்கமாக வரவேண்டிய மருந்து வரவில்லை. கம்பவுண்டர் தலைமை அலுவலகம் வரை போய் விசாரித்துக்கொண்டு வந்தார். மாநகராட்சியில் கலைக்கென்று ஒதுக்கிய பணம் கிடையாதாம். மிருகங்களுக்கென்று ஒதுக்கிய பணம் உண்டாம். சிலைகளும் மிருகங்கள்தானே என்று அதை எடுத்துச் செலவு செய்துவிட்டார்களாம்.

அன்றைக்கென்று பார்த்துப் பால்காரம்மா தன் எருமையை ஓட்டிக்கொண்டு வந்து நின்றாள். மடி வீங்கிக் கல்லாய்க் கிடந்தது. கையை வைத்தால் உதைத்தது. அவளுக்கு இருப்பதே அந்த ஓர் எருமைதான், அது கறந்தால்தான் அவள் வீட்டில் அடுப்பு எரியும். மருத்துவமனை அலமாரியிலோ டிங்சர் பாட்டிலும் கம்பவுண்டரின் சாப்பாட்டு டப்பாவும் மட்டும் இருந்தன. டாக்டரம்மா ஒத்தடம் கொடுக்கச் சொல்லிவிட்டு, வயிற்றெரிச்சலோடு ஆணையரைப் பார்க்கப் போனார்.

“ஐயா, மருந்துப் பணத்துல சிலை வாங்கியிருக்கீங்க.”

“மிருகத்துக்கு ஒதுக்கின பணத்துல மிருகம் வாங்கியிருக்கோம். இதுல என்ன தப்பு?”

“அதுங்களுக்கு உயிர் இல்லையே ஐயா.”

“மிருகம்னா உயிரோட இருக்கணும்னு நம்ம விதியில எங்கயாவது இருக்கா?”

டாக்டரம்மா யோசித்துப் பார்த்தார். அப்படி எழுதிவைக்க வேண்டும் என்று விதி செய்தவர்களுக்குத் தோன்றியிருக்கவில்லை.

ஆணையருக்கோ வேறொன்று தோன்றிவிட்டது. இத்தனை மிருகங்கள் ஊருக்குள் நிற்க, மிருக டாக்டர் ஒருதரம்கூட எட்டிப் பார்க்கவில்லையே, இது கடமை தவறிய செயல் அல்லவா என்று கேட்டார். இனி வாரம் தவறாமல் சிலைகளைப் பரிசோதித்து உடல்நல அறிக்கை அனுப்பவேண்டும் என்று அங்கேயே ஆணை பிறந்தது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாக டாக்டரம்மா திரும்பி வந்தார்.

முதல் அறிக்கையை அவர் முழுக்க முழுக்க எரிச்சலில்தான் எழுதினார். ‘மேற்படி காண்டாமிருகத்தின் முதுகில் தோல் உரிந்து காணப்படுகிறது. உடனடிச் சிகிச்சை தேவை’ என்று எழுதி அனுப்பிவிட்டு, மெமோ வரும் என்று காத்திருந்தார். மெமோவுக்குப் பதிலாக ஏணி வந்தது. பெயின்டர்கள் வந்தார்கள், மேற்பார்வையிட ஒரு பொறியாளர் வந்தார், வெயில் படாமல் இருக்கப் பந்தல் போட்டார்கள். நாய்களுக்குக் கட்டுப்போடப் பஞ்சு கேட்டு டாக்டரம்மா போட்ட கடிதம் போன வருஷத்திலிருந்து மேசை மேசையாய்ப் பயணம் போய்க்கொண்டிருந்தது.

கம்பவுண்டர் பந்தலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “ஏம்மா, அந்தக் காண்டாமிருகத்துக்கு மடி வீங்கியிருந்தா?”

“அதுக்கு ஏதுய்யா மடி?”

“எருமைக்கு இருக்கேம்மா.”

டாக்டரம்மா பொய் சொல்லிப் பழகாதவர். மாமியார் சமையலைப் பற்றி மட்டும் சொல்லியிருக்கிறார். ஆனால் ஒத்தடத்துக்கும் இளகாத மடியோடு வாசலில் எருமை முனகிக்கொண்டு நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிவிட்டார்: நீலக் காண்டாமிருகத்துக்குக் கடுமையான மடி வீக்கம், ஊசி மருந்து உடனே தேவை.

தலைமை அலுவலகத்தில் ஒரே ஒரு அதிகாரி விழித்துக்கொண்டிருந்திருக்கிறார். காண்டாமிருகம் ஆணா பெண்ணா என்று அவர் கேள்வி எழுப்ப, ஆராய ஒரு குழு கிளம்பியது. குழு காண்டாமிருகத்தின் அடியில் குனிந்து பார்த்தது. சிற்பியைக் கூப்பிட்டுக் கேட்டது. அவர், தான் அந்த அளவுக்கு யோசிக்கவில்லை என்றார். ‘ஆண் என்பதற்கான ஆதாரம் எதுவும் காணப்படாமையால், பெண் எனக் கொள்ளப்படுகிறது’ என்று குழு ஒருமனதாக முடிவு செய்தது. அன்று மாலையே மருந்து வந்துவிட்டது.

சில நாளில் எருமைக்கு மடி இளகிப் பால் இறங்கியது. பால்காரம்மா டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். டாக்டரம்மாவுக்கும் கண் கலங்கியது, கொஞ்சம் சந்தோஷத்தில், மீதி பயத்தில்.

முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு? தெருநாய்களின் சொறிக்குச் சிறுத்தை பேரில் களிம்பு வந்தது. கோழிகளின் கழிச்சலுக்கு நெருப்புக்கோழி பேரில் மருந்து வந்தது. வண்டிக் குதிரை ஒன்று காலை ஒடித்துக்கொண்டபோது யானைக்கு எலும்பு முறிந்தது. மருத்துவமனை வரலாற்றிலேயே முதல் தடவையாக அலமாரிக் கதவு மூட முடியாமல் பிதுங்கியது.

இதற்கிடையில் அலுவலகத்தில் யாரோ வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் பத்திரிகைக்குச் சொல்லிவிட்டார்கள். ‘நீலக் காண்டாமிருகம் கவலைக்கிடம்’ என்று கொட்டை எழுத்தில் செய்தி வந்தது. ஊரே ஆடிப்போய்விட்டது. பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் வந்து நலம் பெற வாழ்த்தி அட்டைகளை வைத்தார்கள். தன் வீட்டு நாய் நொண்டுகிறது என்று அதைக் கொண்டுபோய் அடுத்த தெருவில் விட்டுவிட்டு வந்த ஒருவர், காண்டாமிருகத்துக்குப் புதுக் கம்பளி வாங்கிப் போர்த்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த நாய்க்கு டாக்டரம்மாதான் கட்டுப் போட்டிருந்தார்.

ஆணையரிடமிருந்து அழைப்பு வந்தது. வேலை போனாலும் போகட்டும், உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டு டாக்டரம்மா போனார். ஆணையர் எழுந்து நின்று வரவேற்றார்.

“டாக்டர், கணக்கைப் பார்த்தீங்களா? நம்ம ஊர்ல நிஜ மிருகம் ஒண்ணுக்குக்கூட நோய் இல்லை. வர்ற நோயெல்லாம் சிலைக்கே வருது.”

“ஐயா, அது வந்து...”

“அதான் மனுஷங்களுக்கும் சிலை வைக்கப்போறோம். பெரியாஸ்பத்திரி மருந்துப் பணத்துல ஆர்டர் கொடுத்தாச்சு. எப்படி யோசனை?”

டாக்டரம்மாவின் நாக்கு நுனிவரை உண்மை வந்தது. குதிரைக்குக் கட்டுப் பிரிக்க இன்னும் நாள் இருந்தது. எருமைக்கு மறுபடி வீங்காது என்று யார் சொல்ல முடியும்? மாமியார் சமையலுக்குச் சொல்லும் அதே குரலில், “பிரமாதம் ஐயா” என்றார்.

பச்சை வாத்தியார், ரோஸ் போலீஸ்காரர், கட்டம் போட்ட குடும்பத் தலைவி என்று நகரம் இன்னும் அழகாயிற்று. கொஞ்ச நாளில், சொறி ஆறித் தெம்பு வந்த ஒரு நாய் டாக்டரம்மாவின் கையைக் கவ்விவிட்டது. கையைச் சுற்றித் துணியைக் கட்டிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினார். வரிசையில் அவருக்கு முன்னால் இருமிக்கொண்டு நின்றது பால்காரம்மா. சீட்டு எழுதுகிற ஊழியர் தலையைத் தூக்காமலே கேட்டார்.

“எந்தச் சிலை பேர்ல எழுதட்டும்?”

பால்காரம்மா டாக்டரம்மாவின் காதோரம் குனிந்தாள். “போலீஸ்காரர் பேர்ல மட்டும் வேணாம் டாக்டரம்மா. நேத்து ஒரே நாள்ல அவருக்கு மூணு பிரசவம் ஆயிடுச்சு. சந்தேகப்படுவாங்க.”

பச்சை வாத்தியாருக்கு நாய்க்கடி என்று எழுதிக்கொண்டு டாக்டரம்மாவுக்கு ஊசி போட்டார்கள். மறுநாள் காலைப் பத்திரிகையில் அது முதல் பக்கச் செய்தி. அடுத்த ஊசிக்கு வந்துவிட்டுப் பேருந்துக்கு நின்றபோது அவருக்குக் கிறுகிறுவென்று தலை சுற்றியது. பக்கத்தில் நின்ற பச்சை வாத்தியார்மேல் லேசாகச் சாய்ந்தார்.

“ஏம்மா, தள்ளி நில்லுங்க. நாய் கடிச்சு அவரே உடம்பு முடியாம நிக்கிறாரு, அவர் மேல போய் சாயறீங்களே, கொஞ்சமாவது இரக்கம் வேணாமா?” என்றார் பின்னால் நின்ற ஒருவர். வரிசை மொத்தமும் ஆமாம் என்று தலையாட்டியது.

டாக்டரம்மா கட்டுப்போட்ட கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, வாத்தியாரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, தள்ளிப் போய் வெயிலில் நின்றார்.