மாப்பிள்ளை அழித்த காலி எடை

மாப்பிள்ளையை யாரும் திட்டக் கூடாது என்பது எங்கள் கொங்கு நாட்டில் எழுதாத சட்டம். அதைப் பெருமை என்று நினைக்கிறவர்கள் இன்னும் மாப்பிள்ளை ஆகாதவர்கள். தடுக்க ஆளில்லாத மனிதன் என்ன வேண்டுமானாலும் செய்வான். கல்யாணமான புதிதில், மாமனாரின் கம்ப்யூட்டருக்குப் புது இயங்குதளம் போட்டுத் தருகிறேன் என்று உட்கார்ந்த அன்றுதான் எனக்கு இது புரிந்தது. புரிவதற்குள் ஒரு விவசாயியின் மக்காச்சோளம் மழையில் நின்றது.

மாமனாருக்கு உடுமலைப்பேட்டையிலிருந்து தாராபுரம் போகிற வழியில் ஒரு எடை மேடை இருக்கிறது. லாரியை அப்படியே ஏற்றி நிறுத்தி எடை பார்க்கிற இரும்புத் தளம். காலையில் காலி வண்டி வந்து ஏறும். அந்த எடையைக் கம்ப்யூட்டர் வைத்துக்கொள்ளும். வண்டி தோட்டத்துக்குப் போய் லோடு ஏற்றித் திரும்பி வந்து மறுபடியும் ஏறும். கம்ப்யூட்டர் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, சரக்கின் எடையைச் சீட்டாக அடித்துக் கொடுக்கும். அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் வியாபாரி சரக்கை எடுப்பார். (இன்றைக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு இதில் ஒரு வரி தெரியாது.)

எனக்குத் தெரிந்தது கம்ப்யூட்டர். அப்படித்தான் மாமனார் வீட்டில் பேச்சு. உண்மையில் சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில், யாரோ எழுதிய மென்பொருளின் பொத்தான்களை அழுத்திப் பார்த்து, வேலை செய்கிறதா இல்லையா என்று சொல்வது என் உத்தியோகம். பெண் பார்க்கப் போனபோது எங்கள் பெரியப்பா, “பையன் கம்ப்யூட்டரைக் கரைச்சுக் குடிச்சவனுங்க” என்று அறிவித்துவிட்டார். நான் மறுத்துப் பேசவில்லை.

அந்தச் சனிக்கிழமை விருந்து முடிந்து, வெற்றிலை போட்ட வாயோடு எடை மேடை அலுவலகத்துக்குப் போனேன். அங்கே கம்ப்யூட்டரில் சீட்டுப் போடுகிற சாந்தாமணி எழுந்து நின்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். திரையில் ஒரு அறிவிப்பு வந்தது. இந்த இயங்குதளம் பழையது, இனிமேல் பாதுகாப்பு கிடையாது, புதியதற்கு மாறுங்கள் என்றது.

“இது தினமும் வருதா?” என்றேன்.

“அதுபாட்டுக்கு வருமுங்க. நாமபாட்டுக்கு மூடிப்போடுவமுங்க” என்றார் சாந்தாமணி.

நான் ஒரு சொற்பொழிவே நிகழ்த்தினேன். வைரஸ் என்றேன், திருட்டு என்றேன், ஒருநாள் காலையில் வந்து பார்த்தால் எல்லாம் காணாமல் போயிருக்கும் என்றேன். (மாலையிலேயே காணாமல் போகப்போகிறது என்று தெரியாத வாய்.) புதிது போட்டால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்றும் சொன்னேன்.

மாமனார் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “போடலாமுங்க மாப்பிள்ளை. இப்ப என்னங்க அவசரம்? சாப்பிட்டுப்போட்டு வந்திருக்கறீங்க, செத்த நேரம் படுங்க.”

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரே அர்த்தம்தான்: தயவுசெய்து வேண்டாம். பெருந்துறையில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாததல்ல. அக்காவின் வீட்டுக்காரர் எங்கள் மிக்ஸியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தபோது நாங்கள் எல்லோரும் இதையேதான் சொன்னோம். ஆனால் அன்றைக்கு நான் மாப்பிள்ளை. எனக்குக் காது கேட்கவில்லை.

“காலையில எடுத்த காலி எடையெல்லாம் பத்திரமா இருக்குமுங்களா?” என்று சாந்தாமணி கேட்டார்.

“எல்லாம் இருக்கும்மா” என்றேன். சற்று நேரத்தில் திரை என்னைக் கேட்டது: பழைய கோப்புகளை வைத்துக்கொள்ளலாமா, எல்லாவற்றையும் அழித்துவிடலாமா? புது வாழ்க்கை தொடங்குகிறவன் பழைய குப்பையை ஏன் சுமக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அழித்துவிடு என்றேன். உறுதியா என்று கேட்டது. அந்த அறையில் என்னைத் தடுக்கப் பார்த்த ஒரே ஜீவன் அதுதான். உறுதி என்றேன்.

பாதி வேலையில், பக்கத்து விவசாயி சென்னியப்பன் அண்ணனின் லோடு லாரி மேடையில் ஏறி நின்றது. மேலே மூட்டை மூட்டையாக மக்காச்சோளம். அவருடைய ஒரு வெள்ளாமை முழுக்க அந்த வண்டியில் இருந்தது. சாயங்காலம் கேட் மூடுவதற்குள் கோழித் தீவன ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். ஈரம் பட்டால் ஆலையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். காலையில் நல்ல வெயில் என்று தார்ப்பாய் கொண்டுவரவில்லை. மேற்கே மலைப்பக்கம் மட்டும் கொஞ்சம் கறுத்திருந்தது.

“ஏனுங்க, சீட்டு?” என்று ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

“மாப்பிள்ளை கம்ப்யூட்டரைப் புதுசு பண்றாருங்க” என்றார் மாமனார். அந்தக் குரலில் குறையே இல்லை. துக்க வீட்டில் வந்தவர்களுக்குத் தகவல் சொல்கிற குரல்.

“ஓ, மாப்பிள்ளைங்களா! நல்லா இருக்கறீங்களா?” சென்னியப்பன் அண்ணன் கும்பிட்டுவிட்டு உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். நாங்கள் எல்லோரும் சேர்ந்து திரையில் சுற்றுகிற வட்டத்தைப் பார்த்தோம். பின்னால் இன்னும் இரண்டு லாரிகள் வந்து நின்றன. டிரைவர்கள் ஒவ்வொருவராக வந்து, “எத்தனை சதம் ஆச்சுங்க?” என்று கேட்டுவிட்டு, நான் சொன்ன எண்ணைக் கேட்டு, “வரட்டுங்க, வரட்டுங்க” என்று என்னைத் தேற்றிவிட்டுப் போனார்கள். ஒருவராவது ஹாரன் அடித்திருக்கலாம்.

கடைசியில் முடிந்தது. முடிந்ததும் அது என்னிடம் கேள்வி கேட்கத் தொடங்கியது. எந்த நாடு, எந்த மொழி, முகத்தைக் காட்டுகிறீர்களா, விளையாட்டில் ஆர்வம் உண்டா? எல்லாவற்றுக்கும் பதில் சொன்ன பிறகு, நீல ஏரியும் பனிமலையுமாக ஒரு படம் விரிந்தது.

“அமராவதி அணையாட்டவே இருக்குதுங்க” என்றார் சென்னியப்பன் அண்ணன்.

அந்த ஏரியைத் தவிர அதில் எதுவும் இல்லை. எடை மென்பொருள் இல்லை, காலி எடைகள் இல்லை. சாந்தாமணி மௌஸை வாங்கி இங்கும் அங்கும் நகர்த்திப் பார்த்தார். பிறகு, என்னைப் பார்க்காமல், மாமனாரைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: “இல்லீங்க.”

சுவரில் இருந்த சிவப்பு எண் பலகை, மேடையில் நிற்கிற லோடின் எடையைச் சரியாகவே காட்டிக்கொண்டிருந்தது. கழிக்க வேண்டிய காலி எடைதான் உலகத்தில் இல்லாமல் போய்விட்டது. டிரைவர் ஒரு எடை சொன்னார். சென்னியப்பன் அண்ணன் ஒரு எடை சொன்னார். இரண்டுக்கும் நடுவில் ஒரு எருமை நிற்கலாம். போனில் வியாபாரி, உத்தேசக் கணக்கெல்லாம் ஆகாதுங்க என்று மரியாதையாக மறுத்தார். ஆக, இருந்த வழி ஒன்றுதான்: மூட்டைகளை இறக்கி, காலி வண்டியை மறுபடி நிறுத்தி எடை பார்த்துவிட்டுத் திரும்ப ஏற்றுவது.

எல்லா டிரைவர்களும் சேர்ந்து இறக்கினார்கள். நானும் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஒரு மூட்டையில் கை வைத்தேன். மாமனார் ஓடிவந்து, “நீங்க நிழல்ல உக்காருங்க மாப்பிள்ளை” என்று என்னைப் பிடித்துக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைத்தார். சாந்தாமணி இளநீர் கொண்டுவந்து கொடுத்தார். அத்தனை பேர் மூட்டை சுமக்க, அதற்குக் காரணமான நான் இளநீர் குடித்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கசப்பான இளநீரைக் குடித்ததில்லை.

காலி எடை பார்த்துக் கையாலேயே சீட்டு எழுதியாயிற்று. பாதி மூட்டைகளை ஏற்றியபோது மழை வந்தது. வண்டிமேல் இருந்ததைப் படுதா தேடிப் போர்த்திவிட்டார்கள். தரையில் கிடந்தவை நனைந்தன. சென்னியப்பன் அண்ணன் மழையில் நின்றபடி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, “மழைக்கு நாம என்ன பண்ணறதுங்க?” என்றார். என்மேல் விழ வேண்டிய பழியை வானத்தின்மேல் போட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நனைந்ததை மாமனாரே உலர்ந்த விலைக்கு எடுத்துக்கொண்டார். நனையாத மிச்சத்தோடு மறுபடி எடை பார்த்து, சீட்டை மாற்றி எழுதிக்கொண்டு லாரி ஓடியது. கேட் மூடுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டதாகப் போன் வந்தபோது, சென்னியப்பன் அண்ணன், “மாப்பிள்ளைகிட்டச் சொல்லிப்போடுங்க, மனசுல வெச்சுக்க வேண்டாமுன்னு” என்றாராம்.

அன்று இரவு நாட்டுக்கோழிக் குழம்பு. “இன்னொரு துண்டு வெச்சுக்குங்க மாப்பிள்ளை” என்று அத்தை போட்டுக்கொண்டே இருந்தார். நான் அதை இலையின் ஓரத்துக்கு ஒதுக்கிக்கொண்டே இருந்தேன். அறைக்கு வந்ததும் மனைவி நித்யாவிடம், “உங்கப்பா ஒரு வார்த்தை திட்டியிருந்தா நிம்மதியாத் தூங்குவேன்” என்றேன்.

“அவர் திட்ட மாட்டாருங்க. நான் வேணும்னா திட்டறேன்.”

“நீ திட்டறது கணக்குல வராது.”

எடை மென்பொருள் போடுகிற ஆள் கோவையிலிருந்து வருகிறவரை மேடைக்கு வேலையில்லை. அதனால் நனைந்த சோளத்தை அதன்மேலேயே பரப்பிக் காயப்போட்டார்கள். சுவரில் இருந்த சிவப்பு எண், வெயில் ஏற ஏற இறங்கிக்கொண்டே வந்தது. மாமனார் நாற்காலி போட்டு அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாராம். எண் இறங்காமல் நின்ற அன்று காய்ந்துவிட்டது என்று அள்ளினார்கள். அந்த வீட்டு மாடும் கோழியும் நெடுநாள் அதைத்தான் தின்றன. நாங்கள் போகும்போதெல்லாம் ஆட்கள் மாட்டுக்கு எடுத்து வைப்பதை, ‘மாப்பிள்ளைச் சோளம்’ என்று சொல்வது என் காதில் விழும். நேரில் பார்த்தால் வாயைத் துடைத்துக்கொள்வார்கள்.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. போன பொங்கலுக்குப் போயிருந்தபோது, எடை மேடை அலுவலகத்தில் என் போனுக்கு சார்ஜ் போட ஒயர் தேடினேன். கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒன்று தொங்கியது. கையை நீட்டினேன்.

“எடுறா கைய!”

மேடையில் ஒரு தேங்காய் லாரி நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார். சாந்தாமணி எழுந்து நின்றார். வாசலில் மாமனார், தன் வாயிலிருந்தா அது வந்தது என்று தனக்கே தெரியாதவராக நின்றிருந்தார். “மாப்பிள்ளைங்க... தப்பா எடுத்துக்காதீங்க... ஏதோ வேகத்துல...” என்று கைகளைப் பிசைந்தார்.

“மாமா, இதை அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதுங்களா?” என்றேன்.

அவர் கைகளைப் பிசைவதை நிறுத்தினார். “சொல்லோணும்னுதான் தொண்டை வரைக்கும் வந்துதுங்க” என்றார். பிறகு சிரித்தார். சாந்தாமணி முதுகைக் காட்டித் திரும்பி நின்று சிரித்தார்.

அன்றைக்கு மத்தியானம் நான் நான்கு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டேன். இப்போது அது எங்கள் இரண்டு குடும்பங்களுக்கும் பொதுச் சொல். ரிமோட்டைத் தொட்டாலும், குழம்புச் சட்டியைத் திறந்தாலும், எங்கிருந்தாவது ஒரு குரல், “எடுறா கைய!” என்கிறது. நானும் எடுத்துவிடுகிறேன்.