முதலாளிக்கு ஒரு நாள் லீவு

கல்லில் நாலு தோசை வெந்துகொண்டிருந்த நேரம் பார்த்து பிபின் வந்து தலையைச் சொறிந்தான். அவன் தலையைச் சொறிந்தால் பேன் என்று அர்த்தமில்லை. லீவு என்று அர்த்தம்.

"அண்ணாச்சி, ஒரு காரியம் பறயட்டே?"

"சொல்லு."

"நாளைக்கு கூட்டுக்காரன் புது வீட்டுல பாலுகாச்சல். போயில்லெங்கில் மோசமாகும்."

ஆறுமுகநயினார் தோசையைத் திருப்பினார். நாளை சனிக்கிழமை. திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்து ஹாஸ்டல் பிள்ளைகள் பத்து மணிவரை தூங்கிவிட்டு, ஊரே பஞ்சத்தில் அடிபட்டது போல ஒன்றாக வந்து விழும் நாள். 'முடியாது' என்ற சொல் அவர் தொண்டைவரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

"சரி, போயிட்டு வா."

தட்டு எடுத்துக்கொண்டிருந்த தங்கப்பன் இதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். பாறசாலைக்காரர், அறுபதைத் தாண்டியவர். தட்டுகளைத் தொட்டியில் போட்டுவிட்டு அவரும் வந்தார்.

"எனக்கும் நாளைக்கு வேணும், நயினாரே."

"உமக்கு என்ன வே?"

"ஆடு குட்டி போடும்."

"ஆடுதானே வே குட்டி போடுது? நீரு போயி என்ன..."

அதோடு நிறுத்திக்கொண்டார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. தோசை ஒன்று கருகியது.

"சரி. நீரும் போயிட்டு வாரும்."

அந்த வாக்கியத்தை முடிக்க முடியாமல் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் கடையே அந்தக் காரணத்தில் பிறந்ததுதான்.

கழக்கூட்டத்துக்கு வருவதற்கு முன் நயினார் இருபத்திரண்டு வருடம் திருவனந்தபுரம் பழவங்காடியில் கோமதிநாயகத்தின் சைவ ஹோட்டலில் தோசை மாஸ்டராக இருந்தார். ஒரு ஆவணி மாதம், சுரண்டையில் அவருடைய அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகத் தம்பி போன் செய்தான். நயினார் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு கல்லாவுக்கு முன்னால் போய் நின்றார்.

"முதலாளி, அம்மைக்கு ரொம்ப முடியலையாம். ஊருக்குப் போகணும்."

"நாளைக்குச் சதுர்த்தி. பிள்ளையார் கோவில் கூட்டம் மொத்தமும் நம்ம வாசல்லதான் நிக்கும். முன்னமே சொல்லக் கூடாதாடே?"

"அம்மைக்கு நேத்துதான் முடியாமப் போச்சு, முதலாளி."

"ஆஸ்பத்திரியிலதானே இருக்கா? டாக்டர் பாத்துக்கிடுவான். நீ போயி என்ன செய்யப் போறே, தோசையா சுடப் போறே?"

கல்லாவுக்குப் பக்கத்தில் பில் கிழித்துக்கொண்டிருந்த தளவாய் தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் காலை தம்பியின் அடுத்த போன் வந்தபோது கல்லில் ஆறு தோசைகள் இருந்தன. நயினார் ஆறையும் எடுத்து இலையில் போட்டுவிட்டுத்தான் அழுதார். கூட்டம் ஓய்ந்து, பஸ் கிடைத்து, சுரண்டை போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தம்பி மொட்டைத் தலையோடு வாசலில் உட்கார்ந்திருந்தான். அண்ணனை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

சம்பாதிக்கக் கடை போடுகிறவர்கள் உண்டு. நாலு பேர் மதிக்க வேண்டும் என்று போடுகிறவர்கள் உண்டு. நயினார் லீவுக்காகக் கடை போட்டார். இனி யாரிடமும் கை கட்டி நின்று ஒரு நாள் கேட்கக் கூடாது. தன்னிடம் கை கட்டி நிற்கிறவனுக்கும் இல்லை என்று சொல்லக் கூடாது. இந்த இரண்டு கொள்கையோடு கழக்கூட்டத்தில் ஐ.டி. பார்க்குக்குப் போகிற வழியில் கடை திறந்தார்.

இரண்டாவது கொள்கை முதல் கொள்கையைத் தின்றுவிட்டது.

கடை திறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. பிபின் ஓணத்துக்கும் விஷுவுக்கும் நாலு கல்யாணத்துக்கும் மூன்று பாலுகாச்சலுக்கும் போய் வந்துவிட்டான். தங்கப்பனின் ஆடு குட்டி போட்டது, பிறகு அந்தக் குட்டிக்குக் காய்ச்சல் வந்தது. நயினார் மட்டும் ஒரு நாள்கூடக் கடையை விட்டு நகரவில்லை. ஒரு முறை ஹர்த்தால் வந்தது. கடையை அடைத்தே ஆக வேண்டும் என்ற சந்தோஷத்தில் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டார். ஹர்த்தால் என்றால் பஸ்ஸும் ஓடாது என்பது காலியான ஹைவேயில் நின்றபோதுதான் அவருக்கு உறைத்தது.

ஆள் குறைவுதான் பிரச்சினை என்று நினைத்து, பிபினின் மச்சானையும் வேலைக்குச் சேர்த்தார். அதன் பிறகு பிபின் வீட்டுக் கல்யாணம் என்றால் இரண்டு பேருக்கும் லீவு தேவைப்பட்டது.

தளவாய்தான் ஒரு யோசனை சொன்னார். அவர் இன்னும் பழவங்காடியில்தான் இருந்தார். வியாழக்கிழமை அவருக்கு வார லீவு. அந்த லீவை நயினார் கடையில் வந்து உட்கார்ந்து கழிப்பது வழக்கம்.

"ஒரு நோட்டுப் போடும் வே. ஒரு நாளைக்கு ஒருத்தருக்குத்தான் லீவு. முன்னால எழுதினவனுக்கு முன்னால."

நோட்டைச் சுவரில் தொங்கவிட்ட ஒரு மணி நேரத்தில் கிறிஸ்துமஸ் வரைக்கும் எல்லா ஞாயிறும் நிரம்பிவிட்டது. அதில் பெயர் எழுதாதவள் ஜெஸ்லின் ஒருத்திதான். விழிஞ்ஞத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து மாவாட்டி, இட்லி ஊற்றி, சட்னி அரைக்கிறவள். நாற்பது வயது இருக்கும். வீட்டில் அவளும் படுக்கையில் கிடக்கும் அவள் அம்மாவும்தான். ஒன்றரை வருடத்தில் லீவே கேட்காத ஒரே ஆள்.

"நீ ஏன் எழுதல?" என்று நயினார் கேட்டார்.

"தேவ வரும்போ கேக்கிறேன் அண்ணாச்சி. நீங்கதான் இல்லன்னு சொல்ல மாட்டீங்களே" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் மகள் அனுஷா சுரண்டையிலிருந்து போன் செய்தாள்.

"அப்பா, இருபத்தாறாம் தேதி ஞாயித்துக்கிழமை வளைகாப்பு. அம்மா முந்தின வாரமே இங்க வந்திருவா. நீங்க வந்துருவீங்கல்லா?"

"என் கடை, நான் முதலாளி. யாருகிட்டம்மா கேக்கணும்?"

போனை வைத்துவிட்டு நோட்டைப் புரட்டினார். இருபத்தாறாம் தேதிக்கு நேராகப் பிபினின் கையெழுத்து பெரிதாக இருந்தது.

"பிபினே, ஒரு காரியம் சொல்லட்டா?" என்று கேட்டபோது தன் கை தன் தலையைச் சொறிந்துகொண்டிருப்பதை நயினார் கவனித்தார்.

விஷயத்தைக் கேட்ட பிபின் உதட்டைப் பிதுக்கினான். "இதொக்கெ முன்னமே பறயக் கூடாதா அண்ணாச்சி?"

கடைசியில் ஓணத்துக்கு மூன்று நாள் சேர்த்துத் தருவதாக ஒத்துக்கொண்ட பிறகு முதலாளிக்கு லீவு கிடைத்தது. திருவனந்தபுரம் சாலை பஜாருக்கு ஆள் அனுப்பி நாலு டஜன் கண்ணாடி வளையல் வாங்கி, பேப்பரில் சுற்றிப் பையில் வைத்தார். பச்சையும் சிவப்பும். இரண்டு நாள் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு தோசை சுட்டார்.

இடையில் ஒரு சிக்கல் முளைத்தது. பக்கத்து ஹாஸ்டலில் அதே ஞாயிறு ஏதோ விழா. நூற்றிருபது பேருக்குக் காலைச் சாப்பாடு வேண்டும் என்று வார்டன் ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லி வைத்திருந்தார். நயினார் சரி என்று சொன்னதை மறந்தே போயிருந்தார். பரவாயில்லை, பிபினும் மச்சானும் தோசையைப் பார்த்துக்கொள்வார்கள், தங்கப்பன் பரிமாறுவார், இட்லிக்கு ஜெஸ்லின் இருக்கிறாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். இட்லி பதம் அவள் கைக்கு மட்டும்தான் தெரியும்.

சனிக்கிழமை மதியம் ஜெஸ்லின் வந்து நின்றாள். தலையைச் சொறியவில்லை. முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, அம்மைக்கு தீரெ வய்யா. பெரியாஸ்பத்திரியில கொண்டு கிடத்தியிருக்கு. அடுத்த வீட்டுக்காரிதான் கூட நிக்கா. நாளைக்கு ஒரு நாள் எனக்குப் போணும்."

நயினார் நோட்டைப் பார்த்தார். பையைப் பார்த்தார்.

"திங்கக்கிழமை போயேன், ஜெஸ்லின். ஒரு நாள்தானே."

"நாளைக்குப் போணும் அண்ணாச்சி."

"நாளைக்கு நூத்தியிருவது பேருக்கு இட்லி. எனக்கும் ஊருக்குப் போயாகணும். மூத்த பிள்ளை, முதல் வளைகாப்பு. முன்னமே சொல்லியிருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம். ஆஸ்பத்திரியில டாக்டர் இருக்காவல்லா, பாத்துக்கிடுவாவ. நீ போயி என்ன..."

இந்த முறை வாக்கியம் நிற்கவில்லை.

"...நீ போயி என்ன செய்யப் போறே?"

ஜெஸ்லின் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. புதிதாகக் கடைக்கு வந்த யாரையோ பார்ப்பது போலப் பார்த்தாள்.

"செரி அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு உளுந்து களையப் போனாள்.

அது வேறு, இது வேறு என்று நயினார் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அன்று பகல் முழுக்கச் சொல்லிக்கொண்டார்.

ஞாயிறு காலை சாம்பாரை இறக்கி வைத்துவிட்டு, வெள்ளை வேட்டி கட்டி, தென்காசி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். மடியில் வளையல் பை. நெடுமங்காடு தாண்டியதும் காற்று குளிர்ந்தது. ஹர்த்தால் அன்று ஹைவேயில் நின்றதை விட்டால், ஒன்றரை வருடத்தில் காலை வெயிலைக் கடைக்கு வெளியே பார்ப்பது இதுதான் முதல் தடவை. பக்கத்து சீட்டுக்காரரிடம், "மகளுக்கு வளைகாப்பு. நமக்குச் சொந்தக் கடை, அதனால நெனச்ச நேரம் கெளம்பலாம்" என்றார்.

குளத்துப்புழையை நெருங்கும்போது தங்கப்பனின் போன் வந்தது.

"நயினாரே, ஜெஸ்லினுக்க அம்மை போயிட்டா. இப்பத்தான் ஆஸ்பத்திரியில இருந்து விளிச்சாங்க."

"அவ எங்க?"

"இட்லிக் கொப்பரைகிட்ட நிக்கா."

"அனுப்பும் வே! உடனே அனுப்பும்! ஆட்டோ பிடிச்சு அனுப்பும்!"

"சொல்லியாச்சு. போவ மாட்டேங்கா. அண்ணாச்சி சொன்ன நூத்தியிருவதும் முடியட்டும்னு சொல்லுதா."

"போனை அவகிட்ட குடும்."

"குடுத்தேன். கையில மாவுன்னு வாங்க மாட்டேங்கா."

நயினார் எழுந்து மணிக்கயிற்றை இழுத்தார். பஸ் நின்றது. கண்டக்டர் ஓடி வந்தார்.

"தென்காசிக்கல்லே டிக்கட் எடுத்தது? இவிடெ இறங்கி எந்து செய்யும்?"

என்ன செய்யப் போகிறோம் என்று நயினாருக்கும் தெரியவில்லை. இறங்கிவிட்டார். எதிர்ப்பக்கம் முக்கால் மணி நேரம் நின்று திருவனந்தபுரம் பஸ் ஏறினார். வழியெல்லாம் நின்று நின்று போகிற பஸ். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆட்கள் நிதானமாக ஏறினார்கள், நிதானமாக இறங்கினார்கள். நயினார் மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்திருந்ததில் உள்ளே ஏதோ நொறுங்கிய சத்தம் கேட்டது.

கடைக்குள் நுழைந்தபோது மணி ஒன்று. பெஞ்சுகள் காலியாக இருந்தன. இட்லிக் கொப்பரை தேய்த்துக் கழுவி, மேடையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் இட்லித் துணிகள் அலசிப் பிழிந்து, வரிசையாக உலர்ந்துகொண்டிருந்தன.

பிபின் மட்டும் நின்றிருந்தான். அவன் கண் சிவந்திருந்தது.

"நூத்தியிருவதும் குடுத்து. கொப்பரயும் கழுகி. பின்னெதான் ஜெஸ்லின் போயது. நான் கழுகிக்கொள்ளாம்னு பறஞ்சேன். கேட்டில்ல."

நயினார் பெஞ்சில் உட்கார்ந்தார். போன் அடித்தது. அனுஷா. பின்னால் பெண்களின் சிரிப்பும் வளையல் சத்தமும் கேட்டன.

"அப்பா, எல்லாம் முடியப் போகுது. எங்க வந்துட்டிருக்கீங்க?"

"கடையில இருக்கேம்மா."



"சொந்தக் கடைதானப்பா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு யாரோ கூப்பிட, போனை வைத்துவிட்டாள்.

சாயங்காலம் விழிஞ்ஞத்தில் அடக்கம். சர்ச்சுக்குப் பின்னால் கடலைப் பார்த்த கல்லறைத் தோட்டம். நயினார் கூட்டத்தின் ஓரத்தில் நின்றார். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தார். எல்லாரும் கலைந்த பிறகு ஜெஸ்லினே அவர் அருகில் வந்தாள்.

"நூத்தியிருவதும் தெகஞ்சு, அண்ணாச்சி. ஒண்ணும் கொறயல" என்றாள்.

மனப்பாடம் செய்ததோடு நயினார் திரும்பி பஸ் ஏறினார்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நயினார் தாமே மாவாட்டினார். இட்லி கல்லாக வந்தது. ஹாஸ்டல் பிள்ளைகள் ஒரு வாய் தின்றுவிட்டுத் தோசை கேட்டார்கள். லீவு நோட்டைச் சுவரிலிருந்து கழற்றினார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பிபின்கூடக் கொஞ்ச நாள் தலையைச் சொறியவில்லை.

மூன்றாவது வியாழக்கிழமை தளவாய் வந்தார். வழக்கமான மூலையில் உட்கார்ந்து இரண்டு தோசை சொன்னார். முதல் தோசை பாதி தின்ற பிறகு மெதுவாகப் பேச்செடுத்தார்.

"உம்ம ஜெஸ்லினைப் பாத்தேன் வே. விழிஞ்ஞம் துறைமுகத்து ரோட்டுல தள்ளுவண்டி போட்டிருக்கா. இட்லி. லாரிக்காரன், கட்டடத்துக்காரன்னு நல்ல கூட்டம்."

"என்ன சொன்னா?"

"ஏம்மா, இருந்த வேலையை விட்டுட்டு எதுக்குத் தனியா கஷ்டப்படுதேன்னு கேட்டேன். இனி யாருகிட்டயும் போயி நிக்க வேண்டாம்லான்னு சொன்னா."

நயினார் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தார். கடை திறந்த நாளிலிருந்து வியாபார நேரத்தில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"கோமதிநாயகம் எங்கிட்ட சொன்னதை, ஒரு எழுத்து மாறாம நான் அவகிட்ட சொன்னேன் வே. கடை போட்ட அன்னைக்கே அந்த ஆளு மூஞ்சியில இனி முழிக்கக் கூடாதுன்னு நெனச்சேன். இப்பக் கண்ணாடியில முழிக்கேன். ஆனா ஒண்ணு. நான் பட்டவன். பட்டும் சொன்னேன், அதான் எனக்கு ஆறல. அவருக்கு என்ன தெரியும், பெத்தவ சாகக் கெடக்கும்போது இன்னொருத்தன் அடுப்புல நிக்கது எப்படி இருக்கும்னு?"

தளவாய் தோசையைப் பிய்த்து, சட்னியில் தொட்டு, வாயில் வைக்காமல் இலையிலேயே வைத்தார்.

"தெரியும் வே" என்றார். "சாலை பஜார்ல ஒரு ஹோட்டல்ல எச்சில் இலை எடுத்துக்கிட்டிருந்தப்ப, அம்மை சாவுக்கு லீவு கெடைக்கலன்னுதானே கோமதிநாயகம் நம்ம ஹோட்டலையே தொறந்தாரு."