கருந்துளையின் குரல்

சனிக்கிழமை மாலை மனைவியை வீட்டை விட்டு நகரவிடுவதில்லை என்று கண்ணாடிக்காரர் உறுதி எடுத்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் எடுத்த முதல் உறுதி இது. எடுத்த கையோடு, அது மனைவி காதில் விழுந்ததா என்று எட்டிப் பார்த்தார். விழவில்லை என்று தெரிந்ததும் மறுபடியும் உறுதி எடுத்தார்.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். பகலெல்லாம் பிறர் பார்வையைச் சரிசெய்வார். வாரத்தில் இரண்டு மாலை, கடைக்குப் பின்னாலிருந்த அறையில் கீபோர்டு வாசிப்பார். குழுவில் மூன்று பேர். டிரம்ஸ் அடிப்பவர் பல் டாக்டர். கிடார் வாசிப்பவர் லிஃப்ட் மெக்கானிக். வாசிப்பது ப்ராக்ரஸிவ் ராக். அதாவது, மூன்று நிமிஷத்தில் முடியவேண்டிய பாட்டை இருபது நிமிஷம் முடியவிடாமல் காப்பாற்றுவது. தாளம் ஏழு ஏழாகப் போகும். கூடவே கால் தட்டுகிறவன் எட்டாவது தட்டில் தடுக்கி விழுவான். பாட்டில் காதல் கிடையாது. ஒரு விண்கலம் கிளம்பும், சனியின் வளையங்களைத் தாண்டும், வழி தவறும், கருந்துளையில் விழும்.

அந்தக் கருந்துளைக்குத்தான் குரல் கிடைக்கவில்லை. லிஃப்ட் மெக்கானிக் பழைய மோட்டார் ஒன்றை ஓடவிட்டுப் பார்த்தார். அண்டம் நடுங்கவில்லை, பக்கத்துக் கடைக்காரர்தான் வந்து கதவை இடித்தார். பல் டாக்டர் தன் டிரில்லின் சத்தத்தைக் கொண்டுவந்தார். அதைக் கேட்டதும் லிஃப்ட் மெக்கானிக் வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்போதுதான் அந்தக் காரியம் நடந்தது. ஒரு மாலை கண்ணாடிக்காரர் புது மெட்டு ஒன்றை முனகி, போனில் பதிவு செய்துகொண்டே வீட்டுக்குள் நுழைந்தார். காலையில் அவர் கட்டில்மேல் போட்டுவிட்டுப் போன ஈரத் துண்டை மனைவி அந்த நேரம் பார்த்துத்தான் கண்டுபிடித்திருந்தாள். மெட்டு நின்றது. பதிவு நிற்கவில்லை, அவள் திட்டியதெல்லாம் அதில் ஏறியது. மறுநாள் அதன் வேகத்தைக் கால்வாசியாகக் குறைத்து, எதிரொலி சேர்த்து, கடையில் ஓடவிட்டார். ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் அலமாரியில் இருந்த பிரேம்கள் எல்லாம் அதிர்ந்தன. லிஃப்ட் மெக்கானிக் கிடாரைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரமாகப் போய் நின்றார்.

இதை எங்கே பிடித்தீர்கள் என்று பல் டாக்டர் கேட்டார். இயற்கையில் கிடைத்தது என்றார் கண்ணாடிக்காரர். பொய் இல்லை.

ஆனால் மனைவி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். தன் குரலைத் தினமும் ஒலிபெருக்கியில் கேட்கிறவள். அதை இழுத்தாலும் நசுக்கினாலும், கிணற்றில் போட்டு எடுத்தாலும் அடையாளம் கண்டுவிடுவாள். நல்லவேளை, அவர்கள் வாசிக்கும் இடத்துக்கு அவள் வந்ததே இல்லை. நட்சத்திரமெல்லாம் அது பாட்டுக்குக் கிடக்கிறது, அதைப் போய் ஏன் தொந்தரவு செய்ய வேண்டும் என்பது அவள் கருத்து. இப்போது சனிக்கிழமை கோளரங்கத்தில் நிகழ்ச்சி. அந்த வாரம் பாத்திரம் துலக்கிக்கொண்டே, தானும் வரலாமென்று பார்ப்பதாகச் சொன்னாள்.

"நீயா? எதுக்கு?"

"ஏன், நான் வந்தா நட்சத்திரம் உதிர்ந்துடுமா?"

உதிரப்போவது நட்சத்திரம் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. குரலை எடுத்துவிடலாம் என்றால் மற்ற இருவரும் விடமாட்டார்கள். அந்தக் குரலுக்காகத்தான் கோளரங்கமே கூப்பிட்டிருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்றால், உன்னைக் கருந்துளையாக்கிவிட்டேன் என்பதை எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது? நிலைக்கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தார். கண்ணாடியில் இருந்தவருக்கே முகம் வெளுத்தது.

வியாழக்கிழமை துணிந்தார். கோளரங்கத்தில் ஒரே இருட்டு, அண்ணாந்து பார்த்தால் தலை சுற்றும், தொண்டையை நம்பிப் பிழைக்கிறவளுக்கு அந்த ஏசி குளிர் ஆகவே ஆகாது என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தார். விடிய விடிய வாதாடவும் தயாராக வந்திருந்தார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரக்கூட இல்லை.

"சரிங்க. உங்க கூட்டத்துல வந்து உட்கார மாட்டேன். போதுமா?"

கண்ணாடிக்காரர் அவள் மடித்துவைத்த துணியை எடுத்து மறுபடி மடித்தார். இத்தனை வருஷத்தில் அவள் எதற்கும் ஒரே பேச்சில் சரி என்றதில்லை. கல்யாணத்துக்கே மூன்று தடவை கேட்கவேண்டியிருந்தது. கேள்வி கேட்டால் மழுப்பலாம். சண்டை போட்டால் காலில் விழலாம். சரி என்று சொன்னால் மனிதன் என்னதான் செய்வான்? மறுநாள் பரிமாறும்போது சிரித்துவேறு வைத்தாள். அவர் தட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டார்.

சனிக்கிழமை வந்தது. குவிமாடம் முழுக்க நட்சத்திரம். கண்ணாடிக்காரர் மேடையிலிருந்தே வரிசை வரிசையாக முகங்களைத் துழாவினார். அவள் இல்லை. விண்கலம் கிளம்பியது. தாளம் ஏழு ஏழாய் உருண்டது. சனியைத் தாண்டினார்கள். ஒரு வாரத்துக்குப் பிறகு அவருக்கு மூச்சு சீராக வந்தது. கலம் வழி தவறியது. வாத்தியங்கள் எல்லாம் ஒரே நொடியில் நின்றன. குரல் வரவேண்டிய இடம். பொத்தானை அழுத்தினார்.

ஒன்றும் வரவில்லை. மறுபடி அழுத்தினார். பல் டாக்டரைப் பார்த்தார். பல் டாக்டர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குரல் கூரையிலிருந்து வந்தது. இழுக்காத, நசுக்காத அசல் குரல்.

"எவ்வளவு தூரம் போனாலும்... கடைசியில வீட்டுக்குத்தானே வரணும்?"

யாரோ விசும்பினார்கள். மனித குலத்துக்கே சொன்ன வாக்கு என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். அது யாருக்குச் சொன்னது என்று ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆளின் விரல்கள் ஏழைத் தாண்டி எட்டு, ஒன்பது என்று எங்கேயோ போய், கீபோர்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றன.

கைதட்டல் ஓய்ந்தபின் பல் டாக்டர் விஷயத்தை உடைத்தார். போன வாரம் பல்வலி என்று அவள் வந்திருக்கிறாள். மரப்பு ஊசி பிடிக்கும் முன்பே இவர் கை வைத்துவிட்டார். அவள் போட்ட சத்தத்தில் கருவித் தட்டே அதிர்ந்தது. கருந்துளை தன் நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பது அப்போதுதான் இவருக்குப் புரிந்தது. அனுமதி இல்லாமல் ஒரு பல்லைக்கூடப் பிடுங்காத மனிதர். பதிவைப் போட்டுக் காட்டி, பயன்படுத்தலாமா என்று கேட்டுவிட்டார். அவள் முழுதாகக் கேட்டாள். ஒலி தெளிவாக இல்லை, நானே நேரில் வருகிறேன் என்றாள். பல் அடைக்க வந்த நாளெல்லாம் ஒத்திகை நடந்திருக்கிறது. இன்று பொத்தானிலிருந்த பதிவை இவர் எடுத்துவிட, அவள் கூட்டத்தில் உட்காராமல் ஒலியறை மைக்கின் முன் உட்கார்ந்திருக்கிறாள்.

"நீங்களா உண்மையைச் சொல்றீங்களான்னு பார்க்கத்தான், வரட்டுமான்னு கேட்டாங்களாம்" என்று முடித்தார் பல் டாக்டர். "நீங்க ஏசி குளிரைச் சொன்னீங்களாமே."

கணவனும் மனைவியும் வீட்டுக்கு நடந்தார்கள். அவள் பேசவில்லை. தெருமுனை வந்தது, அப்போதும் பேசவில்லை. இந்த மௌனத்தைவிட இடி விழுந்தால் தேவலை என்று தோன்றியது அவருக்கு.

"ஏதாவது திட்டேன்" என்று கெஞ்சினார்.

"கூடாதுங்க. அடுத்த மாசம் முழுக்க ரெக்கார்டிங். அது முடியற வரைக்கும் குரலை வீணாக்கக் கூடாதுன்னு உங்க டாக்டர் கண்டிப்பா சொல்லியிருக்கார்."

ஒரு மாசம். கண்ணாடிக்காரரின் முதுகு தானாக நிமிர்ந்தது. ஆமாம்மா, தொண்டைதான் முக்கியம், வெந்நீர் வைத்துத் தருகிறேன் என்றார் உருக்கமாக.

அவள் வாசற்கதவைத் திறந்தாள்.

"அதான் எங்க அக்காவை வரச் சொல்லியிருக்கேன். நாளைக்குக் காலையில வந்துடுவா. அவளுக்கு மைக்குகூட வேண்டாம்."