முந்திக்கொண்ட ஆரத்தி

ஒரு கட்சி தேய்வதை வாக்கு எண்ணும் நாளில்தான் அறிய முடியும் என்று ஆண்கள் நம்புகிறார்கள். கட்சிக்காரரின் மனைவிக்கு அது வெகு முன்பே தெரிந்துவிடும். வாசலில் கிடக்கும் செருப்புகள் குறையும். வருகிறவர்களுக்குத் தேநீர் போட வாங்கிய பால் மிஞ்சும். அதைத் தயிராக்கி, அந்தத் தயிரும் மிஞ்சும்போது முடிவு ஏறக்குறைய வெளியாகிவிட்டது என்று பொருள்.

என் கணவர் சேவுகம்பட்டியில் எங்கள் கட்சியின் பேரூர்ச் செயலாளர். எதிர்வீட்டில் இருக்கும் அவருடைய தம்பி முருகேசன், தேர்தலுக்குச் சற்று முன்பு எதிரணிக்குப் போய்விட்டார். எங்கள் வாசல் செருப்புகளும் அவரோடு தெருவைக் கடந்தன.

எனக்கு ஏற்பட்டது கொள்கை வருத்தம் என்றே எல்லோரிடமும் சொன்னேன். (வயித்தெரிச்சல்னு வெளிய சொல்லவா முடியும்?) முருகேசனின் மனைவி செல்வி பானை பானையாகத் தேநீர் போட, அந்த ஏலக்காய் மணம் என் ஜன்னலைத் தேடி வந்தது. பொறுமையைப் பற்றி நான் படித்த புத்தகங்கள் எதிலும் ஏலக்காயைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இரு வேட்பாளர்களும் ஒரே மாலையில் எங்கள் தெருவுக்கு வருவதாக ஏற்பாடு. முதலில் எதிரணி, அடுத்து நாங்கள்.

"கூட்டம் சேராட்டியும் போகுது. நம்ம ஆளு வத்தலக்குண்டுலருந்து வெறும் வாசலாப் பாத்துக்கிட்டு வாராரு. நம்ம வீட்டுலயாவது ஒரு ஆரத்தி எடுத்துரு. அதுவும் இல்லேன்னா நான் செயலாளர்னு சொல்லிக்கிறதுல அர்த்தமில்ல" என்று சொல்லிவிட்டு, என் கணவர் வேட்பாளரை அழைத்துவரப் போனார்.

மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து, நேரத்துக்கு முன்பே வாசலில் நின்றேன். எதிர்வாசலில் ஒரே நிறப் புடவைகளில் பெண்கள் சூழ, பூ வைத்த ஆரத்தித் தட்டோடு செல்வி நின்றாள். இந்தப் பக்கம் நான் ஒருத்தி.

எதிரணி வேட்பாளர் தாமதமாக வந்து இறங்கினார். அவரும் அண்மைக்காலம் வரை எங்கள் கட்சிக்காரர்தான். இந்தத் தெருவுக்கு வந்தால் முதல் ஆரத்தி எங்கள் வாசலில் என்பது அவருடைய நெடுநாள் வழக்கம். கால்கள் அவரைக் கேட்காமலே இங்கு திரும்பின.

"நல்லா இருக்கீங்களா மதினி?" என்று தலையைக் குனிந்தார்.

அவர் தோளில் கிடந்த துண்டின் நிறம் எனக்குத் தெரியவே செய்தது. அதைவிடத் தெளிவாக, அந்தத் தோளுக்குப் பின்னால் செல்வியின் முகம் தெரிந்தது. என்னிடம்தான் முதலில் வந்திருக்கிறார் என்ற நினைப்பில் கை சுற்றத் தொடங்கியது. பொட்டும் வைத்தேன். "ஜெயிச்சு வாங்க" என்றும் சொல்லித் தொலைத்தேன். சுற்றிலும் செல்போன்கள் உயர்ந்தன. அவர்களுக்கான நேரம் முடிந்ததென்று போலீஸ்காரர் விசிலடிக்க, கூட்டம் அவரை அப்படியே வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிற்று. ஆரத்தி நீரைத் தெருவில் கொட்டிய பிறகுதான் எனக்கு அறிவு திரும்பியது.

சிறிது நேரத்தில் எங்கள் வேட்பாளர் வந்தார். தரையில் சிவந்து கிடந்த ஈரத்தைப் பார்த்தார். "யாருக்கோ சுத்தியாச்சு போல" என்றார்.

என் கணவர் தம் செல்போனை என்னிடம் நீட்டினார். அதில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். "பொட்டு நல்லா வட்டமா விழுந்திருக்கு" என்றார் மெதுவாக. அதற்கு அவர் திட்டியே இருக்கலாம்.

அப்போது செல்வி தட்டோடு தெருவைக் கடந்து வந்தாள். கண்கள் கலங்கியிருந்தன.

"இந்தாங்கக்கா. என் தட்டு சுத்தாமயே கெடக்கு. அம்புட்டு டீ போட்டேன், அந்தாளு உங்க வாசலுக்குத்தானே வந்தாரு."

எதிர்வாசலிலிருந்து முருகேசன் பதறினார். "ஏ செல்வி, அது நம்ம கட்சித் தட்டு."

"இது எங்க அம்மா வீட்டுத் தட்டு" என்றாள் செல்வி.

அந்தத் தட்டால்தான் எங்கள் வேட்பாளருக்கு ஆரத்தி எடுத்தேன்.

தேர்தலில் தோற்றோம், எங்கள் தெருவிலும் சேர்த்து. அந்தப் பதவியைக் கேட்டு வேறு யாரும் வராததால் அவரே இன்னும் செயலாளர். இப்போதும் எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் மாப்பிள்ளை வாசலுக்கு வந்து நான் தட்டைத் தூக்கினால், "செத்த பொறு, நம்ம மாப்பிள்ளைதானான்னு பாத்துக்க" என்கிறார். பந்தலே சிரிக்கிறது. நானும் நிமிர்ந்து பார்க்கிறேன், பக்கத்தில் நிற்கும் செல்வியின் தட்டில் என்னுடையதைவிடப் பூ அதிகமாக இருக்கிறதா என்று.