தோத்தாத்ரியின் மந்திரிசபை

தெருவிளக்கைக் கவனிக்கும் சுந்தரராமனும் தண்ணீர் மோட்டாரைக் கவனிக்கும் வேதாசலமும் இன்றைக்கும் நின்றிருந்தார்கள். நகர் நலச் சங்கச் செயலாளர் தோத்தாத்ரியின் வீட்டு கேட்டுக்கு நேர் எதிரே, மூன்றாவது நாளாக, குசுகுசுவென்று ஒரே பேச்சு. இவர் ஜன்னலுக்கு வந்தால் நின்றுவிடும். உள்ளே போனால் மறுபடி ஆரம்பிக்கும்.

தொண்ணூறாம் வருஷம், நவம்பர். கையிலிருந்த பேப்பர் முழுக்க லண்டன் செய்தி. பதினொரு வருஷம் பிரதமராக இருந்த அம்மாளை எதிர்க்கட்சி கவிழ்க்கவில்லை. கூட இருந்த மந்திரிகளே ஒவ்வொருவராக வந்து, இனி ஜெயிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். தோத்தாத்ரியும் பதினொரு வருஷமாகச் செயலாளர். ஞாயிற்றுக்கிழமை சேலையூர் பள்ளிக்கூடத்தில் பொதுக்குழு, தேர்தல். இந்தப் பதவி இல்லாமல் தெருவில் நடக்க அவருக்குத் தெரியாது.

"ரமா, கேட்டியா? அந்தக் காலத்துல பிரதமர்னா மந்திரிகள்ல ஒருத்தர், அவ்வளவுதான். அவாவா வேலையை அவாவா பார்ப்பா. இப்போ டிவி வந்தாச்சு, எது கெட்டாலும் பிரதமர்தான் பதில் சொல்லணும். எல்லாம் ஒரே தலையில!"

"பாவம், விட்டதுடா சாமின்னு தூங்கப் போயிருப்பா," என்றாள் மனைவி.

"நான் அவாளை மாதிரி ஏமாறமாட்டேன்."

பீரோவைத் தட்டினார். அவருடைய பிரம்மாஸ்திரம் அதற்குள் இருந்தது. சுந்தரராமனைப் போல யார் சங்கக் கமிட்டியில் சேர்ந்தாலும், அன்றே தேதி போடாத ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்வது அவர் வழக்கம். எவனாவது வாலாட்டினால் தேதியைப் போட்டு, 'ஏற்கப்பட்டது' என்று எழுதிவிட வேண்டியதுதான்.

அன்றைக்கே சுந்தரராமன் கடிதத்தில் தேதி விழுந்தது.

"இப்படிப் பண்ணிட்டேளே சார்!" என்று சுந்தரராமன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. தோத்தாத்ரிக்கே கொஞ்சம் மனசு இளகியது.

சாயங்காலம் தெரு இருட்டாகக் கிடந்தது. சுவிட்ச் போட ஆள் இல்லை. தோத்தாத்ரியே குடையோடு போய் ஆறு கம்பத்துக்கும் விளக்குப் போட்டார்.

மறுநாள் அதே இடத்தில் வேதாசலமும், மழைநீர்க் கால்வாயைக் கவனிக்கும் லாசரஸும். இப்போது பேச்சு ஜன்னல் வரைக்கும் கேட்டது.

"அவரை மாத்தியே ஆகணும்பா!"

கூட இருந்தே குழி பறிக்கிறார்களா? வேதாசலம் கடிதமும் வெளியே வந்தது. விளைவு, குழாயில் காற்றுதான் வந்தது. தோத்தாத்ரி மோட்டார் ரூமுக்கு ஓடினார். போடத் தெரிந்தது, நிறுத்தத் தெரியவில்லை. மேல்தொட்டி வழிந்து தெருவே குளித்தது.

லாசரஸோ நேராக வீட்டுக்கே வந்துவிட்டார். "சார், நானும் அவங்க பக்கந்தான். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"அவ்வளவு திமிரா?" தோத்தாத்ரி பேனாவைத் திறந்தார்.

"தேதிய மட்டும் தெளிவா போடுங்க சார்."

அன்று மத்தியானம் மழை கொட்டியது. கால்வாய் அடைத்துக்கொண்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் கழியை விட்டுக் குத்திக்கொண்டிருந்தார் செயலாளர். இடுப்பு விட்டுப்போயிற்று. தெம்பு மட்டும் குறையவில்லை. குழி பறிக்க இனி யார் இருக்கிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை அவரை எதிர்த்து ஒருவரும் நிற்கவில்லை. ஏகமனதாகத் தேர்வு. மாலை போட்டார்கள். எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டியவர்கள் அந்த மூவர்தான்.

"பார்த்தியா ரமா? லண்டன்ல இந்த சாமர்த்தியம் இல்லை!" என்றார், முன்வரிசையில் இருந்த மனைவியிடம்.

அடுத்து, கமிட்டிக்குப் பெயர் கேட்டார். கூட்டம் மொத்தமும் குனிந்து செருப்பைத் தேடியது. ஒரு கைகூட உயரவில்லை.

"அதனால என்ன? நானே எல்லாத்தையும் பார்த்துக்கறேன்," என்று முழங்கினார். கைதட்டலில் கூரை அதிர்ந்தது. மாலையோடு வெளியே வருவதற்குள் மூன்றாவது தெரு விளக்கு எரியவில்லை, மோட்டார் கத்துகிறது, கால்வாய் திரும்ப அடைத்துக்கொண்டது என்று ஆளாளுக்கு வந்து நின்றார்கள்.

சங்கத்து வாட்ச்மேன் சவுரிமுத்து கழியைக் கொண்டுவந்து பயபக்தியோடு நீட்டினான்.

"ஏண்டா சவுரிமுத்து, அந்த மூணு பேரும் எனக்கு எதிரா என்னதான் திட்டம் போட்டா? உனக்குத் தெரியுமோ?"

"திட்டமெல்லாம் ஒண்ணும் இல்ல சார், வேலைய வுட்டுட்றோம்னு ரெண்டு வருசமா கெஞ்சியும் நீங்க வுடலியாம், அதான் உங்க கேட்டாண்ட நின்னு சும்மா குசுகுசுன்னு பேசுங்க, ஒரே வாரத்துல விடுதலைன்னு நான்தான் சொல்லிக் குட்தேன்."